ஹரிக்கேன் விமான மாதிரிக்கு நிறம் பூசிப் பாவித்த தோற்றம் கொடுத்தல்: வன்னியில் இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் மாமாவின் முற்றத்து வேப்பமர நிழலில் நிற்கும் உழவு இயந்திரத்தின் இடதுபக்க மட்கார்ட்டில், உள்ளங்கை அளவான ஓரிடத்தில் மட்டும் சிவப்பு நிறம் முற்றாக அழிந்து இரும்பு தெரிகிறது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு அடிப்பூச்சின் சாம்பல் நிறமும், அதற்கு அப்பால் மங்கிய சிவப்பும் இருக்கின்றன. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டு, வெயிலில் நிறம் நன்றாகப் போயிருக்கிறது என்று சொன்னபோது மாமா உடனே மறுத்தார். "உது வெயிலில போனதில்லை மருமோன், ஏறி இறங்கிற கால் பட்டுப் போனது. வெயிலில போனது அங்கால பொனட்டில இருக்கு, போய்ப் பார்." பொனட்டில் பூச்சு எங்கும் உரியவில்லை, சிவப்பு வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல மாவாகி, விரலால் தொட்டால் விரலில் ஒட்டியது.

அளவு மாதிரி விமானத்துக்கு நிறம் பூசி, அதைப் போர்க்களத்தில் பாவித்த விமானம்போலக் காட்டும் வேலையில் நான் கற்ற மிகப் பயனுள்ள பாடம் அதுவே. வெயில் செய்வது வேறு, கால் செய்வது வேறு, எண்ணெய் செய்வது வேறு. மாதிரியில் வைக்கும் ஒவ்வொரு கறைக்கும் கீறலுக்கும் அதை உண்டாக்கியது எது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தக் கறை அங்கே இருக்கக்கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொண்டே எழுதப்பட்டவை.

எந்த விமானம், ஏன்

இந்த வழிகாட்டிக்கு பிரித்தானியப் போர் விமானமான ஹோக்கர் ஹரிக்கேனின் எம்கே 2பி வகையை எடுத்துக்கொள்கிறேன். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையில் இருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இருந்தும் எழுந்தவை ஹரிக்கேன்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டபோது சீனக்குடாவில் இருந்து எழுந்த 261 ஆம் படையணியிடம் இருந்தவையும் ஹரிக்கேன்களே. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. வவுனியா விமானத்தளமும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்ததுதான். போஃபோர்ட் குண்டுவீச்சு விமானங்கள் அங்கே நின்றிருக்கின்றன. ஆகவே இது எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த கதை மட்டும் அல்ல.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க விரும்பவில்லை. விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கியவர்கள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். நான் முதல் மாதிரியை மேசையில் வைத்த அன்று அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "உதை ஏன் தம்பி வீட்டுக்குள்ள கொண்டந்து வைக்கிறாய்" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்தே, எங்கள் தலைக்கு மேல் பறந்தவற்றை நான் செய்வதில்லை. வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதால், செய்யப்போகும் விமானத்தை அவர்களுக்கும் சொல்லித் தெரிந்தெடுப்பது நல்லது.

பூசுவதற்கு முன் விமானத்தின் தோலை அறிதல்

ஹரிக்கேனின் உடல் முழுவதும் உலோகத் தகடு அல்ல. இதை அறியாமல் வால்வரை வெள்ளிநிறக் கீறல் போட்டு அழித்த மாதிரிகள் ஏராளம். இயந்திரத்தைச் சுற்றியும் விமானி அறையின் பக்கங்களிலும் கழற்றக்கூடிய உலோகத் தகடுகள் உண்டு. எம்கே 2 இன் இறக்கைகளும் உலோகத் தோல் போர்த்தவை. ஆனால் விமானி அறைக்குப் பின்னால் உள்ள உடற்பகுதி, உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சட்டங்கள் வைத்து, அதன் மேல் லினன் துணி இழுத்து, டோப் என்னும் பூச்சால் இறுக்கப்பட்டது. வாலும், திருப்பும் தகடுகளும் துணிதான். துணியில் இருந்து உலோகம் தெரிய வழியில்லை. அங்கே மேல்நிறம் தேய்ந்தால் துணியை இறுக்கப் பூசிய செங்கபில டோப் தெரியலாம். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் பூச்சுப் போத்தலைத் தேடாமல், பகுதிகளின் படத்தாளில் ஒரு பென்சிலால் உலோகம், துணி, மரம் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுழலியின் அலகுகளையும் கவனியுங்கள். பல ஹரிக்கேன்களில் இருந்த ரோட்டோல் சுழலியின் அலகுகள் அழுத்தி இறுக்கிய மரத்தால் ஆனவை. அவற்றின் ஓரத்தில் அலுமினியக் கீறல் போடக்கூடாது. டி ஹவிலண்ட் சுழலியின் அலகுகள் உலோகம், அவற்றில் போடலாம்.

அளவையும் இந்த இடத்திலேயே மனதில் இருத்த வேண்டும். ஹரிக்கேனின் இறக்கை விரிவு 12.19 மீற்றர். 72 இல் 1 அளவில் அது 17 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 48 இல் 1 அளவில் 25 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். 72 இல் 1 மாதிரியில் அரை மில்லிமீற்றர் அகலமாக நீங்கள் வைக்கும் ஒரு கீறல், உண்மை விமானத்தில் 3.6 சென்ரிமீற்றர் அகலமான உரிவு. தீப்பெட்டியின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான அத்தனை உரிவுகளோடு ஒரு விமானத்தை எந்தத் தொழில்நுட்பவியலாளரும் பறக்க விட்டிருக்க மாட்டார்.

பொருட்களும் காலநிலையும்

வன்னியில் இருந்துகொண்டு பூச்சு வாங்குவது எளிதல்ல. கொழும்பில் சில கடைகளில் கிடைக்கும்; பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுகிறோம். எனாமல் பூச்சும், லக்கர் தின்னரும், ஸ்பிரே டப்பாவும் தீப்பிடிக்கும் பொருட்கள் என்பதால் விமானப் பயணப் பொதியில் வைக்க விடமாட்டார்கள். ஆகவே அவர்களிடம் வலேஹோ போன்ற நீரில் கரையும் அக்ரிலிக் பூச்சுகளையே கேளுங்கள். ஓவியர்கள் பாவிக்கும் எண்ணெய்ப் பூச்சுக் குழாய்கள் நான்கு போதும்: வெள்ளை, மஞ்சட்காவி, எரித்த அம்பர், கறுப்பு. டேர்பன்டைன், ஐசோபுரோப்பைல் அற்ககோல், மெல்லிய அரத்தாள், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, பொதி கட்டி வரும் ஸ்பொஞ்ச் எல்லாம் இங்கேயே கிடைக்கும்.

மரத்தளபாடத்துக்கும் வாகனத்துக்கும் விற்கும் தின்னரை மாதிரியின் மேல் நேரடியாகப் பாவிக்க வேண்டாம். அது பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கருவி கழுவ மட்டும், திறந்த வெளியில், முகக்கவசத்தோடு பாவியுங்கள்.

காலநிலையைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லாதவற்றை நாங்கள் எங்களுக்காக எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் நண்பகல் வெப்பத்தில் அக்ரிலிக் பூச்சு, காற்றழுத்தத்தால் பூச்சைத் தூவும் எயார்பிரஷ்ஷின் நுனியிலேயே காய்ந்து அடைக்கும். அடைக்காவிட்டாலும், துளிகள் காற்றில் பாதி காய்ந்து மாதிரியின் மேல் மணல்போல விழும். பிறகு அதன் மேல் கழுவல் எனப்படும் ஐதான நிறம் எதைப் பூசினாலும் அது மணலுக்குள் சிக்கிக் கறுக்கும். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், காற்று எழும்புவதற்கு முன் பூசி முடிப்பதே சிறந்த வழி. காய்வதைத் தாமதிக்கும் திரவத்தைச் சில துளி சேர்ப்பதும் உதவும். மாரியில் பிரச்சினை மறுபுறமாக வரும். ஒரு கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த அந்தியில், பொறுமை இல்லாமல் லக்கர் வார்னிஷ் அடித்தேன். காற்றில் இருந்த ஈரம் காயாத வார்னிஷ்ஷில் படிந்து, கரும்பச்சை இறக்கை முழுவதும் பால் ஊற்றியதுபோல வெண்மை பூத்தது. மூன்று வாரத்து வேலையை அரத்தாளால் தேய்த்து அகற்ற வேண்டியிருந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் லக்கர் வகைகளைத் தொடாமல், நீர்வழி வார்னிஷ் மட்டும் பாவியுங்கள். கொம்பிரசரில் நீர் வடிகட்டி இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கழுவுதலும் அடிப்பூச்சும்

பகுதிகளைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் பழைய பல்தூரிகையால் கழுவி, ஒரு இரவு காய விடுங்கள். அச்சில் இருந்து பகுதியை விடுவிக்கத் தடவிய எண்ணெய்யும், எங்கள் கை வியர்வையும் போகாவிட்டால் பூச்சு பின்னர் ரேப்போடு சேர்ந்து உரிந்து வரும். விமானி அறையை உடல் ஒட்டுவதற்கு முன் பூசி முடிக்க வேண்டும்: உட்புறத்துக்குச் சாம்பற்பச்சை, கருவிப் பலகைக்குக் கறுப்பு, இருக்கைப் பட்டிக்கு மங்கிய மணல்நிறம். மூடிய அறைக்குள் தெரிவது மிகக் கொஞ்சம். அங்கே நாட்களைச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஒட்டி, இணைப்புகளை அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திய பின் சாம்பல்நிற அடிப்பூச்சை மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். நிறம் பிடிக்க வைப்பதோடு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வெடிப்புகளையும் கீறல்களையும் அது காட்டிக்கொடுக்கும். மாதிரியை மேசை விளக்கின் கீழ் சரித்துப் பிடித்துப் பாருங்கள். குறை இருந்தால் இங்கேயே திருத்த வேண்டும். மேல்நிறம் எந்தக் குறையையும் மறைக்காது.

பலர் இந்தக் கட்டத்தில் தகட்டுக் கோடுகளின் மேல் எல்லாம் கறுப்பு அடித்து, அதன் மேல் நிறத்தை மெல்லப் பூசுவார்கள். எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. முழு விமானமும் சதுரச் சதுரமாகப் பாய் பின்னியதுபோல ஆகிவிடும். எந்த விமானமும் வெயிலில் அப்படி வெளுப்பதில்லை.

மேல்நிறங்கள்

1940 இல் பிரித்தானியப் போர் விமானங்கள் பாவித்த இணைவு மேலே கரும்பச்சையும் மண்கபிலமும், கீழே ஸ்கை எனப்படும் வெளிர் பச்சைச் சாயல் நிறமும் ஆகும். 1941 ஆகஸ்ட் மாதத்தில் இருந்து பிரித்தானியாவில் மண்கபிலத்துக்குப் பதிலாகச் சமுத்திரச் சாம்பல் வந்தது. ஆனால் கீழைத்தேயப் போர்முனையில் ஹரிக்கேன்கள் பச்சை, கபில இணைவிலேயே நெடுங்காலம் பறந்தன. ஹம்ப்ரோல் நிறுவனப் பூச்சு எண்களில் மண்கபிலம் 29, கரும்பச்சை 30, ஸ்கை 90. மிஸ்ரர் ஹொபி எண்களில் முறையே எச்72, எச்73, எச்74. டமியாவில் கரும்பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, ஸ்கைக்கு எக்ஸ்எஃப்-21.

போத்தலில் உள்ள நிறத்தை அப்படியே பூசினால் சிறிய மாதிரியில் அது கறுத்துத் தெரியும். குளக்கட்டின் மறுபக்கத்தில் நிற்கும் பச்சை லொறி எங்கள் கண்ணுக்கு எவ்வளவு வெளிறித் தெரிகிறதோ, அதே காரணத்தால் மாதிரியின் நிறமும் வெளிற வேண்டும். 72 இல் 1 அளவுக்கு ஒவ்வொரு நிறத்திலும் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகமாக வெளிர்சாம்பல் கலக்கிறேன். தூய வெள்ளை கலந்தால் பச்சை சுண்ணாம்புத் தன்மை எடுக்கும்.

கீழ்ப்பரப்பில் தொடங்குங்கள். பூச்சைப் பசும்பால் பதத்துக்கு ஐதாக்கி, 0.3 மில்லிமீற்றர் நுனியும் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தமும் வைத்து, மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். அது காய்ந்ததும் கீழ்ப்பரப்பை ரேப்பால் மூடி, மேலே முழுவதும் மண்கபிலம் அடியுங்கள். வெளிர்நிறம் முதலில், கருநிறம் பிறகு. ஒரு நாள் காயவிட்டபின் கபிலமாக நிற்க வேண்டிய இடங்களை மூடிவிட்டுப் பச்சை அடிக்க வேண்டும். உண்மை விமானத்தில் இரு நிறங்களுக்கும் இடையில் இருந்த மங்கல் ஓர் அங்குல அளவு. 72 இல் 1 இல் அது மூன்றில் ஒரு மில்லிமீற்றர். ஒட்டுக்களியைச் சப்பாத்தி மாவு உருட்டுவதுபோல மெல்லிய திரியாக உருட்டி எல்லை வழியே வைத்து, எயார்பிரஷ்ஷை நேர்செங்குத்தாகப் பிடித்து அடித்தால் அந்த மங்கல் தானாக வந்துவிடும். சரித்துப் பிடித்தால் ஒருபக்கம் கூராகவும் மறுபக்கம் புகையாகவும் ஆகும்.

எயார்பிரஷ் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அகலமான மென்தூரிகையும், நீரில் ஐதாக்கிய அக்ரிலிக்கும் போதும். முதல் அடுக்கு திட்டுத் திட்டாக, அசிங்கமாகவே இருக்கும். அதைத் திருத்த முயலாமல் முழுதாகக் காயவிட்டு, இரண்டாவதை முதலாவதற்குக் குறுக்கே பூசுங்கள். நான்காவது அடுக்கில் சமப்படும். என் முதல் மூன்று விமானங்களும் தூரிகையால் பூசியவை. அவற்றில் ஒன்று இன்றும் என் கண்ணுக்கு மிக நல்ல நிறமாகத் தெரிகிறது.

வெயில்

மாமா பொனட்டில் காட்டியது இங்கே வருகிறது. வெளுப்பு மேல்நோக்கிய பரப்புகளில்தான் அதிகம்: இறக்கையின் மேல்பக்கம், உடலின் முதுகு, கிடைவால். பக்கங்களில் குறைவு, வயிற்றில் இல்லை. துணிப் பகுதியும் உலோகப் பகுதியும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை என்பதால் இரண்டின் எல்லையில் சிறு நிறவேறுபாடு இருந்தால் விமானம் உயிர் பெறும்.

இதற்கு எண்ணெய்ப் பூச்சே சிறந்தது. வெள்ளை, மஞ்சட்காவி, கொஞ்சம் அம்பர் ஆகியவற்றை ஒரு காகித அட்டையில் பிதுக்கி ஒரு மணிநேரம் வைத்தால் மேலதிக எண்ணெய்யை அட்டை உறிஞ்சிவிடும். இல்லாவிட்டால் மாதிரியில் மினுக்கம் தங்கும். ஊசிமுனை அளவில் புள்ளிகளாக வைத்து, டேர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டைத் தூரிகையால், இறக்கையில் முன்னிருந்து பின்னாகவும் உடற்பக்கத்தில் மேலிருந்து கீழாகவும் இழுத்துக் கரைத்துவிடுங்கள். பச்சையின் மேல் மஞ்சட்காவி அதிகம், கபிலத்தின் மேல் வெள்ளை அதிகம். தூரிகையின் தடம் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் கரைக்க வேண்டும். இதற்கு முன் நிறம் முழுதாகக் காய்ந்திருப்பதும், அதன் மேல் ஒரு மெல்லிய அக்ரிலிக் வார்னிஷ் இருப்பதும் கட்டாயம். அடியில் எனாமல் பூசியிருந்தால் அந்த வார்னிஷ் இல்லாமல் டேர்பன்டைன் அதையும் சேர்த்தே கரைத்துவிடும்.

அடையாளங்கள்

டெக்கல் எனப்படும், நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படத்தை மங்கிய பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூக்கும். ஆகவே முதலில் மினுக்கு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் விடுங்கள். இளஞ்சூட்டு நீரில் அரை நிமிடம் ஊறவிட்டுத் தாளில் இருந்து வழுக்கி இறக்கி, பஞ்சுக்குச்சியால் நடுவில் இருந்து வெளியே உருட்டி நீரை அகற்றுங்கள். மென்மையாக்கும் திரவம் கிடைக்காவிட்டால், நீர் கலந்த வினாகிரி ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

திகதியை இங்கே கவனிக்க வேண்டும். 1942 ஏப்ரல் மாதத்து ஹரிக்கேனின் உடற்பக்க வட்டத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் ஒத்த அகலத்தில், வெளியே தடித்த மஞ்சள் வளையத்துடன் இருக்கும். மெல்லிய வெள்ளையும் மெல்லிய மஞ்சளும் கொண்ட வட்டம் அந்த ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. அதற்கும் பிறகு, ஜப்பானிய அடையாளத்தோடு குழம்பாமல் இருக்க, இந்தப் போர்முனையில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். பெட்டியில் உள்ள டெக்கல் தாள் எந்தக் காலத்துக்கு உரியது என்று பார்க்காமல் ஒட்டினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விமானம் பிழையான மாதத்தில் நிற்கும்.

2பி வகையில் இறக்கைக்கு ஆறாகப் பன்னிரண்டு பிரவுணிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. தூசியும் ஈரமும் போகாமல் அவற்றின் வாய்களைச் சிவப்பு டோப் பூசிய துணித் துண்டால் மூடுவார்கள். சுட்டதும் துணி கிழியும். ஆகவே நீங்கள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: துணி முழுதாக இருந்தால் துப்பாக்கிக்குப் பின்னால் புகைக்கறை வராது, கறை வேண்டுமானால் துணி கிழிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் மாதிரிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் கவலையாக இருக்கும். செய்தவரின் கை நன்றாக இருக்கும், ஆனால் யாரும் அவருக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோடுகளுக்குக் கழுவல்

டெக்கலின் மேல் இன்னொரு மினுக்கு வார்னிஷ் அடித்து முத்திரையிட்ட பின், எரித்த அம்பரும் கொஞ்சம் கறுப்பும் டேர்பன்டைனில் கரைத்துத் தேநீர்ச் சாயம்போல ஆக்குங்கள். கூரிய தூரிகையால் தகட்டுக் கோட்டில் தொட்டால் அது தானாக ஓடிப் பரவும். அரை மணிநேரம் கழித்து, டேர்பன்டைன் தொட்டும் தொடாததுமான பஞ்சுக்குச்சியால் காற்று ஓடும் திசையில் துடையுங்கள். வயிற்றுப் பக்கத்துக்கு இன்னும் வெளிறிய சாம்பல் கழுவல் போதும். தூய கறுப்பைப் பாவிக்க வேண்டாம். அது மையால் வரைந்த படம்போல ஆக்கிவிடும். துணிப் பகுதியில் தகட்டுக் கோடு இல்லை. அங்கே சட்டங்களின் மேடுகளுக்கு இடையில் மிக மெல்லிய நிழல் மட்டும் போதும்.

கால் பட்ட இடம்

ஹரிக்கேனில் விமானி இடதுபக்கத்தால் ஏறுவார். உடலின் கீழே மடிந்து இறங்கும் ஒரு மிதிபடியும், மேலே ஒரு கைப்பிடிக் குழியும் இடதுபக்கத்தில் உண்டு. ஆகவே தேய்மானம் இடது இறக்கையின் அடியில், உடலோடு சேரும் இடத்தில்தான் குவியும். வலது இறக்கையில் தொழில்நுட்பவியலாளரின் முழங்கால் பட்ட இடங்கள் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது பொய்.

ஸ்பொஞ்சில் இருந்து கடலை அளவான ஒரு துண்டைக் கத்தரிக்காமல் கையால் பிய்த்தெடுங்கள். பிய்ந்த ஓரம்தான் ஒழுங்கற்ற தடத்தைத் தரும். அடிப்பூச்சின் சாம்பல் நிறத்தில் மெல்ல நனைத்து, காகிதத்தில் ஒற்றி ஒற்றி, தடம் கிட்டத்தட்ட மறையும் நிலையில் மாதிரியில் தொடுங்கள். அது காய்ந்ததும், அதே திட்டுகளின் நடுவில் மட்டும், சாம்பல் கலந்து மங்கச்செய்த அலுமினிய நிறத்தை மிக நுண்ணிய தூரிகையால் புள்ளி வைக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் மட்கார்ட்டைப் போலவே நடுவில் உலோகம், சுற்றிச் சாம்பல், அதற்கு அப்பால் வெளுத்த நிறம். மூன்று படியும் இருந்தால்தான் கண் நம்பும். இந்த வேலைக்கு நான் ஒரு இறக்கையடிக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுக்கிறேன். ஐந்து புள்ளி வைத்துவிட்டு மாதிரியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்ப்பேன். அந்தத் தூரத்தில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் அவை பெரிது.

இன்னும் தேயக்கூடியவை: துப்பாக்கி அறை மூடிகளின் ஓரங்கள், இயந்திர உறையின் பூட்டாணிகள், இறக்கையின் முன்விளிம்பு. இலங்கைக்கு வந்து சில வாரங்களே ஆன விமானத்தில் இவையும் அளவாகவே இருக்கும். ஹெயார் ஸ்பிரே அடித்து அதன் மேல் நிறம் பூசிச் சுரண்டும் முறை பசிபிக் தீவுகளின் ஜப்பானிய விமானங்களுக்குப் பொருந்தும். ஹரிக்கேனுக்கு அது மிகை.

புகையும் எண்ணெய்யும்

மேர்லின் 20 இயந்திரத்தின் புகைபோக்கிகளில் இருந்து கறை பின்னோக்கி, விமானி அறையின் கீழாக, இறக்கையடியின் வளைவைத் தழுவிச் செல்லும். ஈயம் கலந்த பெற்றோல் எரிந்ததால் கறையின் நடுப்பகுதி கறுப்பல்ல. வெளிர் சாம்பலும் மங்கிய மணல்நிறமும் ஆகும். முதலில் கருங்கபிலத்தை ஒன்பது பங்கு திரவத்துக்கு ஒரு பங்கு என்று ஐதாக்கி, 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து, நீளமாக இழுத்து அடியுங்கள். அதன் மேல், அதைவிடக் குறுகலாக, வெளிர் சாம்பலை அடியுங்கள். எயார்பிரஷ் இல்லாவிட்டால் ஓவியச் சுண்ணக்கட்டியைக் கத்தியால் சுரண்டிய தூளை மென்தூரிகையால் தடவினால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

எண்ணெய்த் தாங்கி இடது இறக்கையடியின் முன்விளிம்பில் இருந்தது. நிரப்பும்போது சிந்தியது அங்கே வழிந்து, காற்றில் பின்னோக்கி மெலிந்திருக்கும். சுழலிக்குப் பின்னாலும் வயிற்றிலும் எண்ணெய் கசியும். எரித்த அம்பரோடு ஒரு துளி மினுக்கு வார்னிஷ் கலந்து மெல்லிய கோடாக இழுங்கள். கடைசி மங்கல் வார்னிஷ்ஷுக்குப் பிறகு இதை வைத்தால்தான் ஈர மினுக்கம் நிற்கும். மூன்று கோடு போதும்.

எங்கள் மண்

மங்கல் வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகே தூசி. முன்னர் வைத்தால் வார்னிஷ் அதை விழுங்கிவிடும்.

கிரவல் வீதிச் செம்மண்ணை அப்படியே அள்ளிப் பூசினால் ஒவ்வொரு மணலும் உண்மை விமானத்தின் மேல் ஒரு கல்லாகத் தெரியும். அதனால் நான் இப்படிச் செய்கிறேன். ஒரு பிடி மண்ணைப் போத்தலில் நீரோடு குலுக்கி, அரை நிமிடம் வைத்தால் பாரமான மணல் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி ஒரு இரவு விட்டால், அடியில் மஞ்சள் அரைத்ததுபோல மிக மென்மையான படிவு கிடைக்கும். தெளிந்த நீரை வடித்து, வெயிலில் காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் சலித்தால், கடையில் விற்கும் நிறத்தூளுக்குக் குறையாத தூள். அதன் சிவப்பு மாதிரிக்குக் கூடுதலானது. சுரண்டிய வெள்ளைச் சுண்ணக்கட்டியை மூன்றில் ஒரு பங்கு கலந்து வெளிற வைக்கிறேன்.

ரயர், சில்லு மடிந்து போகும் குழி, வயிற்றில் உள்ள கதிர்வீசியின் வாய், இறக்கை மடிப்புகளின் அடிப்பகுதி, வாற்சில்லைச் சுற்றிய உடல் ஆகிய இடங்களில்தான் சில்லும் சுழலியும் எறிந்த மண் சேரும். இறக்கையின் மேல் சேருவது இடதுபக்கம் ஏறிய சப்பாத்தின் தடம் மட்டும். உலர்ந்த தூரிகையால் ஒரு முறை ஒற்றினால் போதும். தூளைத் தடவியபின் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த தூரிகை நுனியை அதன் ஓரத்தில் தொட்டால் திரவம் உள்ளே ஊறித் தூளைப் பிடித்து வைக்கும். தொடும்போது நிறம் கறுக்கும். காய்ந்ததும் மீண்டும் வெளிறும், பயப்பட வேண்டாம். டோப்பின் செங்கபிலமும் இந்தச் செம்மண்ணும் அருகருகே வந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்துவிடும் என்பதால், துணி தேய்ந்ததைக் காட்டிய இடத்தில் மண்ணைத் தவிர்க்கிறேன்.

கடைசியாகக் கண்ணாடி மூடியின் மேல் ஒட்டிய ரேப்பைப் பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் மெல்லக் கிளப்பி எடுங்கள். கூரிய கத்தியைப் பாவித்தால் கண்ணாடியில் விழும் கீறலை அகற்ற முடியாது. முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள், யன்னல் வெயில் நேரே படாத சுவரில் வையுங்கள். பெட்டியின் விளிம்பில் இடைவெளி இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். பல்லி எச்சம் விழுந்தால் மங்கல் வார்னிஷ்ஷில் ஆறாத வெள்ளைத் தடம் விடும். மாரி தொடங்குமுன் ஒரு சிலிக்கா ஜெல் பொதியை உள்ளே போட்டு, தை பிறந்ததும் எடுத்துவிடுங்கள்.